68,000 ரூபாய் போச்சு: பழைய லாரி சேஸிஸுக்குத் துரு எடுத்துப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கிறவர்கள் படியுங்கள்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் ஃபிரேமுக்கு அடியில் படுத்துப் பார்த்ததிலிருந்து கோபம் அடங்கவில்லை. இந்த வேலைக்கு ஆள் வைக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

வண்டி அப்பாவுடையது. 1968 மாடல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ். 1969-இல் அந்தக் கூட்டு முடிவதற்கு முன்னால் வந்தது, முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறிய வண்டி. அப்பா போன பிறகு நின்றது நின்றதுதான், பனியும் மழையும் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டமான ஃபிரேமை, அரித்துவிட்டன. பாடியெல்லாம் கழற்றி ஃபிரேமையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தேன்.

வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஃபோன் ஆப்பில்தான் அந்தப் பட்டறைக்காரர் கிடைத்தார். மலையிலேயே டிங்கரிங் பட்டறை. வந்தவர் நேராக அடியில் போய்ப் படுத்தார், சாவியால் துருவைச் சுரண்டினார். "அண்ணா, கிரைண்டர் போட்டா மேல் துருதான் போகும், ரிவெட் இடுக்குல இருக்கறது போகாது. சாண்ட் பிளாஸ்டிங் பண்ணி அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் அடிச்சுடணும். நம்ம ஊர்ப் பனிக்கு வெறும் இரும்பு ஒரு ராத்திரி தாங்காதுங்க" என்றார். மணலை வேகமாகப் பீய்ச்சித் துரு எடுப்பதுதான் சாண்ட் பிளாஸ்டிங், பெயின்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு பிரைமர். அவர் சொன்னது அத்தனையும் சரி. தெரிந்த ஆள் என்று நம்பினேன். போகும்போது ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, "எங்கப்பாவும் லாரி டிரைவர்தாங்கண்ணா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேசிய 68,000 ரூபாயையும் அன்று ராத்திரியே ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்கவில்லை.

பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. சாம்பல் நிறத்தில் சுத்தமான ஃபிரேம். வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். நேற்றுதான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னாலிருந்து இரண்டாவது குறுக்குச் சட்டத்தில் (கிராஸ் மெம்பர்) அப்பா வெல்டிங் வைத்துப் போட்ட ஒட்டுத்தகடு ஒன்று உண்டு. போட்டோவில் அது இல்லை. வேறு யாருடைய வண்டியோ!

ஃபிரேம் கறுப்பாக மினுமினுத்து வந்து சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர் பக்கத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளங்கை அகலத்துக்கு ஏடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் அதே செதில் துரு. பிளாஸ்டிங் நடக்கவே இல்லை. கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷை (கப் பிரஷ்) ஓட்டிவிட்டு, துருவுக்கு மேலேயே ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் கறுப்பு எனாமல். ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டு பண்ணாமல், பள்ளம் நிரப்பும் பசையான பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். பாரம் தாங்குகிற இடத்தில் பட்டி! அதைவிட வயிறு எரிவது, சேஸிஸ் நம்பர் மேலும் கிரைண்டர் ஓடியிருக்கிறது. கடைசி இரண்டு எண் தடவினால்கூடத் தெரியவில்லை. அப்பா பெயரிலிருந்து ஆர்.சி. மாற்ற, நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுக்கும் பென்சில் பிரிண்ட் கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?

ஃபோன் போட்டேன். "மலைக்குளிருங்கண்ணா, துரு வரத்தான் செய்யும்" என்றார். பனியைப் பற்றி எனக்கே பாடம் எடுத்த அதே ஆள். அடுத்த தடவை, "பிளாஸ்டிங் பண்ணினது கீழேயிருந்து வந்த பசங்க, அவங்களைத்தான் கேக்கணும்." அப்புறம் வீட்டம்மா எடுத்து, அவர் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஆப்காரர்களோ, காசு எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். 68,000 ரூபாய். ஒருத்தருக்கும் பொறுப்பில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு நிலைகொள்ளவில்லை. முழுக்காசையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். பிளாஸ்டிங் முடிந்து பிரைமர் அடிப்பதற்குள் நேரில் போய்ப் பாருங்கள், போட்டோவை நம்பாதீர்கள். பட்டி இருக்குமிடத்தில் காந்தம் பிடிக்காது, அதையும் வைத்துப் பாருங்கள். சேஸிஸ் நம்பரை முதலிலேயே பென்சில் பிரிண்ட் எடுத்துவிட்டு, அதன்மேல் டேப் ஒட்டி அனுப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். பில் வாங்குங்கள்.

காலையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். திங்கட்கிழமை ஊட்டியில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஜிபே ரசீது, அந்தப் போட்டோ, பெயர்ந்து வந்த பெயின்ட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.