பாரிமுனை ஹெவி கம்பாக்‌ஷன் செட்: வாங்கலாம், அளந்து பார்த்துவிட்டு

பாரிமுனைப் பக்கம் ஆய்வுக் கருவி விற்கும் கடைகளில் ஹெவி கம்பாக்‌ஷன் செட் கேட்டால், பிராண்டு பெயர் எதுவும் பொறிக்காத தயாரிப்பு ஒன்றும் கிடைக்கும். மண்ணை வெவ்வேறு ஈரத்தில் இடித்து, எந்த ஈரத்தில் அது அதிகமாக இறுகுகிறது என்று பார்க்கும் கருவி இது; ஒவ்வொரு ஈரத்துக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி. 1000 சிசி மோல்டு (மண்ணைப் போட்டு இடிக்கும் உருளை), காலர் (அதன் மேல் மாட்டும் வளையம்), பேஸ் பிளேட் (அடித்தட்டு), 4.9 கிலோ கை ரேம்மர் (இடிக்கும் எடை), ஒரு ஸ்டிரெய்ட் எட்ஜ் (மேல் மண்ணைச் சீவும் பட்டை), கூடவே ஒரு சான்றிதழ். மாதவரம், மணலி, மீஞ்சூர் பக்கம் ரோடு வேலையும் குடோன் தளமும் எடுப்பவர்களின் சைட் லேபுக்குப் பெரும்பாலும் இது போதும். சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். கொள்ளளவு என்ற இடத்தில் 1000 என்று முழு எண்ணாக அச்சிட்டிருந்தால், யாரும் அளக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மோல்டின் உள்விட்டம் 100 மி.மீ., உயரம் 127.3 மி.மீ. இருக்க வேண்டும். விட்டம் 101 ஆகிவிட்டால் கொள்ளளவு 1020 சிசி. அதை 1000 என்றே வைத்துக் கணக்குப் போட்டால் எம்.டி.டி. (அதிகபட்ச உலர் அடர்த்தி) 2 சதவீதம் கூடுதலாக வரும். சப்கிரேடுக்கு, அதாவது ரோட்டுக்கு அடியில் வரும் மண் படுகைக்கு, எம்.டி.டி.யில் 97 சதவீதம் கேட்கும் வேலையில், சரியாக இறுகிய மண்ணும் ஃபெயில் ஆகும். ரோலர்காரர்தான் திட்டு வாங்குவார். ரேம்மர் எடை குறைந்தாலோ, 450 மி.மீ. உயரத்திலிருந்து முழுசாக விழாவிட்டாலோ நடப்பது நேர்மாறு. எம்.டி.டி. குறைந்து, இறுகாத மண்ணும் பாஸ் ஆகிவிடும். இதுதான் மோசம், ஏனென்றால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

கொள்ளளவைத் தண்ணீரால் சோதிப்பது சுலபம். மோல்டும் பேஸ் பிளேட்டும் சேரும் இடத்திலும் மேல் விளிம்பிலும் கிரீஸ் தடவி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் கண்ணாடித் தகட்டை நகர்த்தி மூடி எடை போடுங்கள். நம்மூர் அறைச் சூட்டில், அதாவது 30 டிகிரியில், 1000 சிசி தண்ணீர் சுமார் 996 கிராம்தான் இருக்கும். 4 கிராம் குறைகிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

இந்த செட்டில் பேஸ் பிளேட்டின் கடைசல் நன்றாக இருக்கிறது. மோல்டு ஆடாமல் உட்காருகிறது. ஈரம் கூடிய புள்ளிகளில் அடியில் தண்ணீர் கசிந்தால் ஈரப்பதக் கணக்கு கெட்டுவிடும் என்பதால் இது பெரிய விஷயம். குறை ரேம்மரின் வழிகாட்டிக் குழாயில். காற்றுத் துளைகள் சின்னவை; களிமண் கலந்த மண்ணில் நாலு அடியிலேயே அடைத்துக்கொள்கின்றன. எடை உள்ளே உரசி மெதுவாக விழுகிறது, அடி இருக்கிறது, பலம் இல்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு குழாயையும் 50 மி.மீ. முகத்தையும் துணியால் துடைத்தே ஆக வேண்டும். 5 அடுக்கு, அடுக்குக்கு 25 அடி என்று 125 அடியும் முழுசாக விழுந்தால்தான் கன மீட்டருக்குச் சுமார் 2700 கிலோ ஜூல் ஆற்றல் போகும்.

காலரும் கொஞ்சம் ஆடுகிறது. வேறொன்றை மாற்றித் தரச் சொல்லிப் பொருத்திப் பாருங்கள். காலரைக் கழற்றும்போது மண் விளிம்புக்கு மேல் 6 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் அதே அடிகள் கூடுதல் மண்ணுக்குப் பங்கு போயிருக்கும், அடர்த்தி குறையும். விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் மேலே மண் வைத்துப் பூசாதீர்கள். அந்தப் புள்ளியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

வடசென்னை மண்ணுக்கு இந்த ஒரு மோல்டு மட்டும் போதாது. செங்குன்றம் பக்கத்துச் செம்மண் கிராவலில் 20 மி.மீ. சல்லடையில் நிற்கும் கல் நிறைய வந்தால் 2250 சிசி மோல்டும், அடுக்குக்கு 55 அடியும் வேண்டும். அதைத் தனியாக வாங்குவதை விட சி.பி.ஆர். (ரோட்டு மண்ணின் தாங்கு திறனைப் பார்க்கும் சோதனை) மோல்டாக வாங்குவது புத்திசாலித்தனம். 175 மி.மீ. உயரத்தில் 47.7 மி.மீ. ஸ்பேசர் டிஸ்க்கைப் போட்டால் மிச்சம் அதே 127.3, விட்டம் 150. ஒரே மோல்டில் இரண்டு சோதனை. கிராவல் உருண்டைகள் அடியில் நொறுங்கும் என்பதால், ஒரு தடவை இடித்த மண்ணை உதிர்த்துத் தண்ணீர் சேர்த்து மறுபடி இடிக்காதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் புது மண். களிமண் என்றால் தண்ணீர் கலந்து மூடி ஓர் இரவு ஊற விடுங்கள்.

திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரை மணலுக்கு இந்த செட்டால் பெரிய பயன் இல்லை. சுத்தமான மணலில் வளைகோட்டுக்கு உச்சியே தெளிவாக வராது. அதற்கு மண் சோதனைக்கான ஐ.எஸ். 2720 தரநிலையின் 14-ஆம் பகுதியில் சொல்லும் அதிர்வு மேசைதான் சரி. அனல்மின் நிலையத்துச் சாம்பலில் கோடு தட்டையாக இருக்கும், புள்ளிகளை நெருக்கமாக எடுங்கள்.

வரைபடத்தில் காற்று வெற்றிடமற்ற கோட்டையும், அதாவது மண்ணில் காற்றே இல்லாவிட்டால் வரும் உச்ச அடர்த்தியின் கோட்டையும், போட்டுப் பாருங்கள். மண் துகளின் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு கனம் என்பது) 2.67, ஈரம் 10 சதவீதம் என்றால் உலர் அடர்த்தி சிசிக்கு 2.107 கிராமைத் தாண்டவே முடியாது. தாண்டினால் மோல்டின் கொள்ளளவோ, ஈரப்பதத் தட்டின் எடையோ, ஒப்படர்த்தியோ தப்பு.

முலாம் மெல்லியது, கடற்காற்றில் சீக்கிரம் துரு ஏறும். கழுவித் துடைத்து லேசாக எண்ணெய் பூசாமல் வைத்தால் உட்சுவர் சொரசொரப்பாகி மண் ஒட்டும், மாதிரியை வெளியே தள்ளுவது பெரும்பாடு. மாதிரியைத் தள்ளி எடுக்கும் எக்ஸ்ட்ரூடர் செட்டில் வராது. வாங்கிவிடுங்கள், உளியால் குத்தியே மோல்டைக் கெடுப்பவர்கள் உண்டு. 1 கிராம் துல்லியத்தில் 10 கிலோ தாங்கும் தராசு வேண்டும். கூடவே வரும் ஸ்டிரெய்ட் எட்ஜ் வளைகிறது, தடித்த இரும்புப் பட்டை ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மோல்டை மேசை மேலோ பலகை மேலோ வைத்து இடிக்க வேண்டாம், கெட்டியான கான்கிரீட் தரையில் வையுங்கள்.