முக்கால் டன் காரும் எர்ணாவூர் மேம்பாலமும்

தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு வேலைக்குப் போய்வருவதற்காக மாருதி சுசூகி ஆல்டோ கே10 வாங்கி ஓட்டத் தொடங்கிய பிறகுதான், எஞ்சினைப் பற்றிப் பேசும்போது எடையையும் சேர்த்தே பேசவேண்டும் என்பது எனக்கு உறைத்தது. 2022-இல் வெளிவந்த இந்த மாடலில் 998 சி.சி. மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. சுமார் 67 குதிரைத்திறன், 89 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இந்த எண்களைக் கேட்டு யாரும் வியக்கமாட்டார்கள். ஆனால் காரின் எடை ஏறக்குறைய 750 கிலோதான் என்பதால், காலையில் நான் மட்டும் போகும்போது, சிக்னல் விழுந்ததும் இரண்டாம் கியரிலேயே கன்டெய்னர் டிரெய்லர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எளிதாக முன்னேறிவிடுகிறது. இதே எஞ்சின் வேகன் ஆரின் 1 லிட்டர் வகையிலும் உண்டு. அந்தக் கார் கொஞ்சம் கனமானது என்பதால் அந்தத் துள்ளல் அதில் சற்றுக் குறைவு என்று எனக்குப் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கதை வேறு. காசிமேட்டில் மீன் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, மனைவி, அம்மா, மச்சான் மூவரையும் ஏற்றி, மணலியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டால், வண்டியில் கூடுதலாக ஏறுவது சுமார் 230 கிலோ. என்னோடு 820 கிலோவாக இருந்தது 1,050 ஆகிறது. அதாவது 28 விழுக்காடு அதிகம். விசை மாறாமல் எடை கூடினால் முடுக்கம் அதே விகிதத்தில் குறையும் என்பதால், தனியாக 10 நொடியில் எட்டும் வேகத்துக்கு இப்போது பன்னிரண்டே முக்கால் நொடி ஆகும். எர்ணாவூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில், கூடிய எடையின் ஒரு பங்கு வண்டியைப் பின்னாலும் இழுப்பதால், மூன்றாம் கியரில் எஞ்சின் முனகத் தொடங்கிவிடுகிறது. "ஏசியை அணைச்சுட்டு ரெண்டாவது போடுங்க மாமா" என்று பின்சீட்டிலிருந்து மச்சான் சொல்வது கிண்டல் என்றாலும், ஏசி கம்ப்ரஸரும் எஞ்சினின் திறனில்தான் ஓடுகிறது என்பதால் அது சரியான யோசனையே.

அலுவலக நண்பரின் 1,250 கிலோ எஸ்.யு.வி.யில் அதே 230 கிலோவை ஏற்றினால், ஓட்டுபவரையும் சேர்த்த எடையில் கூடுவது 17 விழுக்காடுதான். இலேசான காரில்தான் ஏறும் ஒவ்வொரு ஆளின் எடையும் ஆக்சிலேட்டரில் தெரிகிறது. பெட்ரோலைப் பாதி டேங்க் மட்டும் நிரப்பினால் வண்டி பறக்கும் என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம். 27 லிட்டர் டேங்க் முழுவதும் நிரம்பினாலே 20 கிலோதான், அதில் பாதியை மிச்சம் பிடித்து உணரப்போவது ஒன்றுமில்லை.

எடை எப்போதும் எதிரி என்றும் சொல்வதற்கில்லை. தனியாகப் போகையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் ஒட்டுப்போட்ட இடங்களில் குதிக்கும் கார், நான்கு பேர் அமர்ந்ததும் சீராக அமுங்கிப் போகிறது. வேகமாக ஒரு டிரெய்லர் கடக்கும்போது காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுவதும், ஆள் நிறைந்திருந்தால் குறைவாகவே தெரிகிறது. ஆனால் பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றலும் அதே 28 விழுக்காடு கூடியிருக்கும் என்பதால், மிதியை வழக்கத்தைவிட முன்னதாகவும் அழுத்தமாகவும் மிதிக்கவேண்டியிருக்கிறது.

ஒருவரோ இருவரோ தினமும் நெரிசலில் போய்வர இந்தக் காரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஸ்டியரிங்கின் இலேசுத்தன்மையும் குறுகிய தெருக்களில் திரும்பும் வசதியும் அதற்கே போதுமானவை. தினமும் நான்கு பேர் மேம்பாலம் ஏறவேண்டும் என்றால், 1.2 லிட்டர் எஞ்சின் கொண்ட ஒன்றையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அந்தச் சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது வீட்டில் உள்ளவர்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். நான் விற்பனையாளர் ஒருவரை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து, காலியாகக் கிடந்த சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டியவன்.