41,000 கிலோமீட்டருக்குப் பிறகு எங்கள் படுக்கை வேன்

மெல்பர்னில் வசிக்கும் நானும் என் கணவரும் 2022 ஜனவரியில் ஒரு பழைய டீசல் வேனை வாங்கினோம். சரக்கு ஏற்றுவதற்காக ஜப்பானிய நிறுவனம் ஒன்று செய்த வண்டி அது, நீளம் 4.7 மீட்டர், எங்கள் கைக்கு வரும்போதே 1,87,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முந்தைய உரிமையாளர் அதில் மடக்குக் கட்டில், சிறிய அலமாரி, கூரையில் ஒரு சோலார் பலகை, 40 லிட்டர் குளிர்பெட்டி ஆகியவற்றைப் பொருத்தி வைத்திருந்தார். மூன்று ஆண்டுகளில் விக்டோரியா மாநிலத்துக்குள் மேற்கொண்ட வார இறுதிப் பயணங்களும், 2023 ஆகஸ்ட் இறுதியில் புறப்பட்டு 11 வாரம் தென்கடற்கரையோரமாகப் பெர்த் வரை போய்த் திரும்பிய நெடும்பயணமும் சேர்ந்து 41,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறோம். வாங்கிய மூன்றாம் மாதத்தில் என்னை எழுதச் சொல்லியிருந்தால் சோலார் பலகையைப் பற்றியும் அலமாரியின் மரவேலையைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருப்பேன். இன்று அப்படி எழுத மாட்டேன்.

இன்று ஒரு படுக்கை வேனைப் பார்க்கப் போனால் நான் முதலில் எண்ணுவது ஒன்றைத்தான்: வண்டியை நிறுத்தியதிலிருந்து விளக்கை அணைத்துப் படுக்கும் வரை எத்தனை பொருள்களை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது? ஒன்றை எடுப்பதற்கு மற்றொன்றை நகர்த்துவது ஒரு நாளைக்குச் சிறு தொல்லை. அதையே 70 இரவுகள் செய்ய நேரும்போது இருவருக்கும் இடையில் பேச்சு குறைந்துவிடுகிறது. எங்கள் வேன் தொடக்கத்தில் இந்தத் தேர்வில் தோற்றது. பகலில் இருக்கையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் அமைப்பு அதில் இருந்தது. பார்ப்பவர்கள் வியப்பார்கள். ஆனால் இரவில் பைகள் இரண்டையும் முன்னிருக்கைக்கு மாற்றி, பலகையை இழுத்து, நான்கு மெத்தைத் துண்டுகளைச் சரியான வரிசையில் அடுக்கினால்தான் படுக்கை உருவாகும். காலையில் இதே வேலை தலைகீழாக நடக்கும்.

நெடும்பயணத்தின் முதல் வாரம் கிரேட் ஓஷன் ரோடில் கழிந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை, இறந்துபோன தங்கள் தோழர்களின் நினைவாகக் கட்டிய சாலை அது. டார்க்கேயிலிருந்து ஆலன்ஸ்ஃபர்டு வரை 243 கிலோமீட்டர். லோர்னுக்கும் அப்பல்லோ பேக்கும் இடையில் ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறு பக்கம் கடல் என்று வளைந்து வளைந்து போகும் அந்தப் பகுதியில் குட்டை வண்டியின் அருமை எங்களுக்குப் புரிந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த ஏழு மீட்டர் மோட்டார் வீடு ஒவ்வொரு காட்சிமுனையிலும் நிறுத்த இடமின்றிக் கடந்து போயிற்று; நாங்கள் சாதாரணக் காருக்கான இடத்திலேயே நிறுத்திக்கொண்டோம். பன்னிரு அப்போஸ்தலர்கள் எனப்படும் பாறைத் தூண்கள் ஒருபோதும் பன்னிரண்டாக இருந்ததில்லை. இருந்தவற்றிலும் ஒன்று 2005 ஜூலையில் இடிந்து விழுந்தது. மழைத்திரைக்கு அப்பால் எங்களால் ஐந்தைத்தான் எண்ண முடிந்தது.

அந்த வாரம் கற்றுக்கொண்ட பெரிய பாடம் ஈரத்தைப் பற்றியது. மூடிய வேனுக்குள் இருவர் இரவெல்லாம் விடும் மூச்சு, குளிர்ந்த தகரத்தில் நீராகப் படிகிறது. விடியற்காலையில் கண்ணாடிகளிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துணியால் துடைத்துவிடலாம். ஆனால் எட்டாம் நாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் நனைந்து, ஓரத்தில் பூசணமும் பிடிக்கத் தொடங்கியிருந்தது. உடல் சூட்டுக்கும் குளிர்ந்த பலகைக்கும் நடுவே காற்றுப் போக வழியில்லாததுதான் காரணம். எவ்வளவு குளிராக இருந்தாலும் எதிரெதிரான இரண்டு கண்ணாடிகளை விரலளவு இறக்கி வைப்பது, மெத்தைக்குக் கீழே இடைவெளிவிட்டு மரச்சட்டங்களை அடுக்குவது, ஈரமான மேலாடைகளை உள்ளே தொங்கவிடாதிருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தே இதைத் தீர்த்தன. வேன் வாங்குவோர் சமையல் மேடையைப் பார்ப்பதற்கு முன்பு மெத்தையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் என்ற சிற்றூரில் மூன்று நாள் மழையில் சிக்கினோம். விக்டோரியாவில் இறங்கும் சீனர்களுக்கு விதிக்கப்பட்ட தலைவரியைத் தவிர்க்க, 1857-இல் ஆயிரக்கணக்கான சீனர்கள் இந்தத் துறைமுகத்தில் இறங்கித் தங்க வயல்களுக்கு நடந்தே போனார்கள் என்று கடற்கரையில் உள்ள நினைவுக்கல் சொல்கிறது. அவர்கள் நடந்த தொலைவை நினைத்தபடி நான்கு மெத்தைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான், இனி இந்த மடக்குக் கட்டில் வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். போர்ட் லிங்கனில் ஒட்டுப்பலகை வாங்கி, கேரவன் பூங்காவில் இரவல் பெற்ற ரம்பத்தால் இரண்டு நாள் உழைத்து, 42 சென்டிமீட்டர் உயரத்தில் நிலையான கட்டிலை அமைத்தோம். அதன் கீழே பின்கதவு வழியாக இழுக்கும் இரண்டு இழுப்பறைகள்: ஒன்றில் அடுப்பும் பாத்திரமும், மற்றொன்றில் துணிகள். இதற்கு நாங்கள் கொடுத்த விலை, உட்காரும் இடம். மழை நாளில் உள்ளே படுக்கலாம், சாய்ந்துகொள்ளலாம். எதிரெதிரே அமர்ந்து சாப்பிட முடியாது. இந்த இழப்பை நான் இன்றும் உணர்கிறேன். ஆயினும் பழைய அமைப்புக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை.

வண்டிக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சல்வாரைப் படுத்தபடியே மாற்றப் பழகிவிட்டேன். பெர்த்தில் நண்பர் வீட்டு வளைகாப்புக்குப் போகவேண்டியிருந்தபோது, கேரவன் பூங்காவின் பொதுக் குளியலறையில், பல் துலக்க வந்த இரு மூதாட்டிகள் ஆர்வத்துடன் பார்த்துக்கொண்டிருக்கப் பட்டுப்புடவை கட்டினேன். உயர்ந்த கூரை கொண்ட வண்டியில் இந்தச் சிக்கல் இல்லை; ஆனால் எதிர்க்காற்றில் அது குடிக்கும் டீசலும் நகரத்து அடுக்கு நிறுத்தகங்களில் அது நுழைய முடியாமையும் வேறு கணக்கு.

மின்சாரத்துக்கு வருகிறேன். எங்கள் குளிர்பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 ஆம்பியர்-மணி எடுக்கிறது. வண்டியோடு வந்தது 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைந்து குறையும் என்பதை அறியாமல் முதல் ஆண்டில் பலமுறை முழுவதும் வடித்தோம். பதினாறாம் மாதத்தில் அது ஓர் இரவுக்குக்கூடத் தாங்கவில்லை. தவறு எங்களுடையதுதான். நெடும்பயணத்துக்கு முன் அதே கொள்ளளவில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கினோம். எடை பாதிக்கும் குறைவு. உள்ளதில் பெரும்பகுதியைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பயன்பட்டது, ஓடும்போது எஞ்சினிலிருந்து 25 ஆம்பியர் அளவில் மின்னேற்றும் கருவி. நான்கு மணி நேரம் ஓட்டினால் காலியான பேட்டரி ஏறக்குறைய நிறைந்துவிடும். நாள்தோறும் நகர்ந்துகொண்டிருப்பவருக்குச் சோலார் பலகை இரண்டாம்பட்சமே.

ஒரே இடத்தில் மூன்று நாள் தங்கும்போதுதான் பலகை வேண்டும். அப்போது ஒரு முரண் எழுகிறது. நமக்கு நிழல் வேண்டும், கூரைக்கு வெயில் வேண்டும். ஆகவே ஐந்து மீட்டர் கம்பியுடன் மடக்குப் பலகை ஒன்றையும் வாங்கி, வண்டியை மரத்தடியிலும் பலகையை வெட்டவெளியிலும் வைத்தோம். முதல் நாள் அதைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, ஏன் மின்சாரம் ஏறவில்லை என்று அரைமணி நேரம் தேடினேன். மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் உள்ள பலகை தெற்கு பார்த்துத்தான் இருக்கும். தென்கோளத்தில் சூரியன் வடக்கு வானில் போகிறது என்பது பள்ளியில் படித்தும் கைக்கு வராத அறிவு.

தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனா என்ற ஊரைத் தாண்டினால் நல்லார்பர் சமவெளி. மரமற்றது என்பதே அந்த லத்தீன் பெயரின் பொருள். செடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு நகரம் என்று ஒன்றும் இல்லை. டீசலும் உணவும் அறையும் சேர்ந்த ரோட்ஹவுஸ்கள் மட்டுமே உண்டு. இந்தச் சமவெளியைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலை முழுவதும் தார் போடப்பட்டது 1976-இல்தான். இப்போது அது நல்ல சாலை. சாதாரண வண்டிக்கு எந்தச் சிரமமும் இல்லை. எங்கள் 70 லிட்டர் தொட்டிக்கு எரிபொருள் ஒரு கவலையாகவே இருக்கவில்லை, ஏனெனில் நாங்கள் கடந்தவற்றில் மிக நீண்ட இடைவெளியே 200 கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. ஆனால் விலை நகரத்தைவிட மிக அதிகம். வழக்கமாக 100 கிலோமீட்டருக்கு 9.5 லிட்டர் குடித்த வண்டி, மேற்கிலிருந்து வீசிய எதிர்க்காற்றில் 11.5 வரை போயிற்று. 110 என்ற வேக வரம்பை மறந்து 90-இல் ஓட்டிய பிறகே அது இறங்கியது.

தண்ணீர்தான் இங்கே செல்வம். ரோட்ஹவுஸ்களில் அது அரிது என்பதால் செடூனாவிலேயே 20 லிட்டர் கேன்கள் மூன்றை நிரப்பினோம். சமையலுக்கும் குடிப்பதற்கும் இருவருக்கும் நாளுக்கு எட்டு லிட்டர் போதுமானதாக இருந்தது. குழாயும் மின்விசைப் பம்பும் வைத்த வேன்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட நான், செம்பால் மொண்டு ஊற்றினால் பாதித் தண்ணீரில் பாத்திரம் துலங்கிவிடுவதைக் கண்ட பின் அந்தப் பொறாமையை விட்டுவிட்டேன்.

மாநில எல்லையில் உள்ள சோதனைச் சாவடியில், பழ ஈ போன்ற பூச்சிகள் புகாதிருக்க, மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் போகும் ஒவ்வொரு வண்டியையும் திறந்து பார்க்கிறார்கள். முந்தைய இரவே வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் வதக்கித் தீர்த்திருந்தோம். தேன் போயிற்று, அத்துடன், மெல்பர்ன் வீட்டுச் செடியிலிருந்து பறித்துக் காகிதத்தில் சுற்றிப் பாதுகாத்து வந்த கறிவேப்பிலையும் போயிற்று. அதிகாரி மிகுந்த மரியாதையுடன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டியில் போட்டார். இருந்த அலமாரிகளிலேயே எங்கள் அலமாரி எளிதாகச் சோதிக்கத்தக்கதாக இருந்தது என்பது ஆறுதல். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் ஒரு பெட்டியை எடுக்க ஏழு பெட்டிகளைச் சாலையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லைக்கு முன்பே வரும் ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் மரப்பாதையில் நின்று, கீழே கடலில் தெற்குத் திமிங்கிலங்கள் கன்றுகளுடன் புரள்வதை முழுப் பகலும் பார்த்தோம். மே முதல் அக்டோபர் வரைதான் அவை அங்கே இருக்கும். எல்லையைத் தாண்டியதும் வரும் யூக்ளா என்ற சிற்றூரில் கடிகாரம் 45 நிமிடம் மாறுகிறது. அங்கே 1877-இல் திறக்கப்பட்ட தந்தி நிலையம் மணல்மேட்டில் புதைந்து கிடக்கிறது. கைகுனாவிலிருந்து பலடோனியா நோக்கி 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோடு. அதில் சலிப்பைவிட மாலைநேரமே ஆபத்து: மேற்கு நோக்கி ஓட்டுபவரின் கண்ணில் சூரியன் நேராக அடிக்கும்; கங்காருகள் வெளியே வருவதும் அதே வேளையில்தான். ஒருமுறை ஒன்று வண்டியின் முன்முனைக்கு ஓரடி தூரத்தில் தாண்டிப் போனது. அன்றிலிருந்து சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே நிறுத்திவிடுவது எங்கள் விதி. நிறுத்தி ஐந்து நிமிடத்தில் சமைக்கத் தொடங்க முடிந்ததால்தான் அந்த விதியைக் காப்பாற்ற முடிந்தது. பழைய கட்டிலோடு இருந்திருந்தால் இன்னும் சற்றுத் தூரம் போகலாம் என்றே தோன்றியிருக்கும்.

எஸ்பெரன்ஸுக்குக் கிழக்கே லக்கி பேயில் நான்கு இரவுகள் தங்கினோம். மாவு போன்ற வெண்மணலில் கங்காருகள் வந்து கடற்பாசியை மோந்து பார்க்கும் அந்த இடத்துக்கு முன்பதிவு கட்டாயம். மணல் மாத்திரம் எங்கள் இழுப்பறைத் தடங்களுக்குள் புகுந்து மாதக்கணக்கில் கரகரத்தது. ஆல்பனியைப் பற்றியும் மார்கரெட் ரிவரைப் பற்றியும் எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

சமையலைப் பற்றி ஒரு சொல். சிறிய பியூட்டேன் அடுப்பு காற்றில் தடுமாறுகிறது. குளிர் காலையில் வாயு சரியாக ஆவியாகாமல் சுடர் சுருங்குகிறது. மழை பெய்தாலும் அதை மூடிய வண்டிக்குள் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. எங்களைக் காப்பாற்றியவை ஊர்ப் பூங்காக்களில் உள்ள இலவச மின் அடுப்புகள். பொத்தானை அழுத்தினால் எஃகுத் தட்டு சூடாகும். இறைச்சி வாட்டிய தட்டு என்பதால் அலுமினியத் தாளை விரித்துத் தோசை வார்த்தோம். மாவு புளிக்க, பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி முன்கண்ணாடியடியில் வெயில்பட வைத்தால் போதும்.

எஞ்சினில் பெரிய பழுது எதுவும் வரவில்லை. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினோம். டயர்கள் நான்கையும் ஒருமுறை மாற்றினோம். ஐர் தீபகற்பத்தின் மண்சாலையில் ஒன்று பஞ்சரானது. பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் வண்டி என்பதால் மணலில் இறங்கவே கூடாது; கடற்கரையில் ஓட்ட ஆசைப்படுவோர் இதை வாங்க வேண்டாம். இரண்டு பேருக்கு மேல் என்றாலும் வேண்டாம்.

அடுத்த மாதம் ஒரு சிறு மாற்றம் செய்யவிருக்கிறோம். தண்ணீர்க் கேன்கள் இப்போது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றை எடுக்க மடக்கு நாற்காலிகள் இரண்டையும் முதலில் இறக்க வேண்டியிருக்கிறது. துணி இழுப்பறையைச் சற்றுக் குறுக்கி, கேன்களைப் பின்கதவோரத்துக்குக் கொண்டுவர அளவெடுத்து வைத்திருக்கிறோம்.