பிஜி ரிவைண்ட்: வழி பிரிந்த சர்வரை மறுபடி நகலாக்கும் கட்டளை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். லாரிகள் கொண்டுவரும் பழக்குலைகளின் எடையைப் பதியும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வர் எடை மேடையிலும், அதன் நகல் பட்டண அலுவலகத்திலும் இருக்கின்றன. இரண்டையும் பராமரிப்பது என் வேலை. ஒரு நாள் மாலை இடிமழையில் மின்சாரம் போய் எடை மேடை சர்வர் படுத்துவிட, நகலை முதன்மையாக உயர்த்தி வேலையைத் தொடர்ந்தோம். பழையதை இனிப் புதியதன் நகலாக மாற்ற வேண்டும். தரவு 140 ஜிபி, தோட்டத்து இணையமோ விநாடிக்கு 20 மெகாபிட். முழுவதையும் மறுபடி இறக்கினால் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் பிஜி ரிவைண்டை நாடினேன்.

2016 ஜனவரியில் வெளிவந்த 9.5 பதிப்பிலிருந்து இக்கட்டளை போஸ்ட்கிரெஸுடனேயே இலவசமாக வருகிறது. இரண்டு சர்வர்களும் எந்த இடத்தில் பிரிந்தன என்று பார்த்து, அதற்கு முந்தைய பொதுவான செக்பாயிண்ட் (மாற்றங்கள் எல்லாம் வட்டில் எழுதி முடிந்த இடம்) முதல் பழைய சர்வரின் வால் பதிவுகளைப் படித்து (WAL, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவேடு; பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம்), மாறிய பிளாக்குகளை, அதாவது தரவுத் துண்டுகளை, மட்டும் புதிய சர்வரிலிருந்து எடுத்து எழுதுகிறது. அட்டவணை அல்லாத சிறு கோப்புகளை அப்படியே நகலெடுக்கிறது. எங்களுக்கு ஒரு ஜிபிக்குச் சற்றுக் கூடுதலாகவே இறங்கியது, பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. வேகத்தில் குறை சொல்ல ஏதுமில்லை.

ஆனால் இது இரு பக்கத்துத் தரவையும் ஒன்றுசேர்க்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பழைய சர்வரில் மட்டும் இருப்பதை இது கேட்காமலேயே அழித்துவிடும். மின்சாரம் போன கணத்தில் நகலுக்குப் போய்ச் சேராத பதிவுகள் எங்களிடம் இருந்தன. எடைச் சீட்டுகளின் கார்பன் படிகளைப் புரட்டிய கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா, "தம்பி, மூணு லாரி கணக்குல காணோமே" என்று சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இராது. பழைய சர்வரைப் பிணையக் கம்பியைக் கழற்றிவிட்டுத் தனியே இயக்கி, அந்த மூன்று வரிசைகளையும் கோப்பாக எடுத்து, முறையாக நிறுத்திய பிறகே கட்டளையை ஓட்டினேன். (13ஆம் பதிப்பு முதல், முறையாக நிறுத்தப்படாத சர்வரைக் கட்டளையே மீட்டுக்கொள்ளும், இருந்தாலும் நாமே நிறுத்துவது எனக்கு நிம்மதி.)

நான் சறுக்கியது அமைவுக் கோப்பில். எங்கள் அமைவுக் கோப்பு தரவுக் கோப்புறைக்குள்ளேயே இருந்ததால், பட்டணத்து சர்வரின் கோப்பு அதன்மேல் எழுதப்பட்டுவிட்டது. அங்கே நினைவகம் 32 ஜிபி, அதில் போஸ்ட்கிரெஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் ஷேர்ட் பஃபர்ஸ் 12 ஜிபி. எடை மேடை இயந்திரத்தில் மொத்த நினைவகமே 8 ஜிபிதான். நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்ற ஒரு வரியோடு சர்வர் எழ மறுத்தது. காரணம் பிடிபட அரை மணி நேரம் ஆயிற்று. ஆவணத்தில் இது சொல்லப்பட்டுத்தான் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. உபுண்டு போல அமைவுக் கோப்புகளை வேறிடத்தில் வைக்கும் அமைப்புகளில் இந்தத் தொல்லை இல்லை.

இக்கட்டளை வேலை செய்ய, வால் லாக் ஹின்ட்ஸ் (சிறு குறிப்பு மாற்றங்களையும் வாலில் பதிய வைப்பது) என்ற அமைவோ தரவுச் செக்சம்மோ (தரவு கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பிரிவு நேர்வதற்கு முன்பே இயங்கியிருக்க வேண்டும். முன்னது இயல்பாக அணைந்தே இருக்கும். செக்சம் 18ஆம் பதிப்பில்தான் இயல்பாகவே இயக்கத்தில் வருகிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் பழைய கோப்புறை பெரும்பாலும் பயன்படாமல் போய்விடும். மழைக்காலத் தோட்டத்தில் அதற்கான வாய்ப்பு அதிகம் என்பதால் வெளி வட்டில் ஒரு படி எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். டிரை ரன் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டினால், எதையும் மாற்றாமல், பிரிந்த இடத்தை மட்டும் காட்டும். அதைத் தவிர்க்க வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். பழைய சர்வர் நெடுநாள் தனியே ஓடித் தேவையான வால் கோப்புகளை மறுசுழற்சி செய்துவிட்டிருந்தால், முந்தைய பதிவைக் காணவில்லை என்று கட்டளை நின்றுவிடும்; பிறகு பதினைந்து மணி நேர வழிதான். அதற்காக இரு பக்கத்திலும், எவ்வளவு வால் கோப்புகளை விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லும் வால் கீப் சைஸ் அமைவை இப்போது உயர்த்தி வைத்திருக்கிறேன்.