முதல் நாள் கையேடு: மிண்டா, ஆர்ச்சா, டெபியனா?

விண்டோஸ் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்ஸைக் கம்ப்யூட்டரில் போட ஆரம்பித்துப் பாதியில் விட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு உட்கார்ந்து மாற்றி மாற்றித் திறந்த நிறுவல் கையேடுகள் மூன்று: லினக்ஸ் வகைகளான மிண்ட், ஆர்ச், டெபியன் ஆகியவற்றுக்கானவை.

மிண்ட் கையேடு பக்கத்துக்கு ஒரு வேலை என்று போகும். இறக்கிய நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைச் சரிபார், பென் டிரைவில் ஏற்று, அதிலிருந்து பூட் செய், அதாவது கம்ப்யூட்டரைத் தொடங்கு. பூட் செய்ய எந்த கீயை அழுத்துவது என்பதில்தான் புதியவர் முதலில் மாட்டிக்கொள்வார், லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். எஸ்கேப், எஃப்2, எஃப்12, டெலீட் என்று இருக்கக்கூடியவற்றை அங்கேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறார்கள். திரை அப்படியே நின்றுவிட்டால் எளிய அமைப்புகளோடு தொடங்கும் கம்பாட்டிபிலிட்டி மோடில் போய்ப் பார்க்கச் சொல்லித் தனியாக ஒரு பக்கம். இது எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரிபார்க்கும் பக்கம் மட்டும் ஷா256, ஜிபிஜி என்று (கோப்பு மாறாமல் வந்ததா, உண்மையானதா என்று பார்க்கும் முறைகள்) திடீரெனக் கனமாகிவிடுகிறது, விண்டோஸிலிருந்து வருகிறவர் அங்கே திணறுவார்.

ஆர்ச் கையேட்டில் கமாண்டுக்கு முன்னால் # என்று ஒரு குறி இருக்கும். எல்லா அதிகாரமும் உள்ள பயனரான ரூட்டாக ஓட்ட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. ஒரு நண்பர் அதையும் சேர்த்து டைப் செய்தார். டெர்மினல் அந்த வரி முழுவதையும் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு பிழைச்செய்தி கூடக் காட்டாமல் சும்மா இருந்தது, அவர் வேலை முடிந்ததென்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். இந்தக் குறிகளை விளக்கும் பக்கத்துக்கு மேலேயே இணைப்பு உண்டு, ஆனால் அவசரத்தில் யார் அதைத் திறக்கிறார்கள்? அதே கையேடு இன்னோர் இடத்தில் அருமையாக எழுதியிருக்கிறது: கம்ப்யூட்டர் எந்த முறையில் பூட் ஆனது என்று பார்க்கும் யூஇஎஃப்ஐ சோதனையில் 64 வந்தால் இன்ன அர்த்தம், 32 வந்தால் இன்னது, கோப்பே இல்லை என்று வந்தால் இன்னது. எல்லாப் படியிலும் இப்படி இருந்தால் புதியவருக்கும் தைரியமாகக் கொடுப்பேன்.

டெபியன் கையேடு முழுமையானது, ப்ராசஸர் வகைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது. தொடங்குமுன் பேக்கப் எடுக்கச் சொல்வதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் சுருக்கமான செய்முறை கடைசியில் பிற்சேர்க்கையாகக் கிடக்கிறது, முதல் நாள் வருகிறவர் அதுவரை போகமாட்டார்.

சரி, என் தேர்வு: முதல் தடவைக்கு மிண்ட். லினக்ஸ் கொஞ்சம் பழகிய பிறகு ஆர்ச், அப்போதும் அந்த # பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இணைப்பை அனுப்புகிறேன்.