தில்லியில் ஒரே நாள்: செங்கோட்டையா, குதுப் வளாகமா, ஹுமாயூன் கல்லறையா?

தில்லிக்கு ஒரு நாள் மட்டுமே ஒதுக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் செங்கோட்டையிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒவ்வொரு ஆகஸ்டு 15 அன்றும் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய மதில் என்பதால் அது இயல்புதான். ஆயினும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களான இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதலிடத்தைக் குதுப் வளாகத்துக்கே கொடுப்பேன்.

செங்கோட்டையை ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்தார். மதிலின் கம்பீரத்தைக் கண்டு உள்ளே நுழைபவர் முழு அரண்மனையை எதிர்பார்க்கிறார். ஆனால் 1857 எழுச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அதன் பெரும்பகுதியை இடித்துப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டிவிட்டதால், எஞ்சிய மண்டபங்கள் புல்வெளியில் தனித்தனியாக நிற்கின்றன. முகலாயரின் அரியணையான மயிலாசனத்தை 1739இலேயே பாரசீக மன்னர் நாதிர் ஷா கொண்டுபோய்விட்டார். ஆகவே வரலாற்றை முன்பே படித்து வருபவருக்கே இக்கோட்டை நிறைவு தரும். 1945-46இல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான வழக்கு இங்குதான் நடந்தது. அந்தப் படையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்திருந்ததை அறிந்தவருக்கு இந்த வளாகம் வெறும் முகலாயச் சின்னமாகத் தோன்றாது.

குதுப் வளாகத்துக்கு அத்தகைய முன்னறிவு தேவையில்லை. கற்களே கதை சொல்கின்றன. ஏறத்தாழ 73 மீட்டர் உயரமுள்ள மினாரை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் அதைவிட அதன் அருகிலுள்ள பழைய மசூதியில்தான் அதிக நேரம் நிற்கச் சொல்வேன். இடிக்கப்பட்ட கோயில்களிலிருந்து எடுத்த தூண்களை அங்கே வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். கோயில் மண்டபங்களில் வளர்ந்த நம் கண்களுக்கு அவற்றில் செதுக்கிய மணியும் சங்கிலியும் உடனே பிடிபட்டுவிடும், மனமும் கனக்கும். அவற்றின் முன்னால் எழுப்பிய வளைவுகளை உற்றுப் பாருங்கள். வளைவு கட்டிப் பழகாத உள்ளூர்க் கல்தச்சர்கள், கற்களைப் படிப்படியாக முன்தள்ளி அடுக்கி, தமக்குத் தெரிந்த முறையிலேயே அந்த வடிவத்தை வரவழைத்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி, தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி 1311இல் கட்டிய அலாய் தர்வாசா என்ற நுழைவாயிலில் ஆப்புக்கற்களால் ஆன உண்மையான வளைவும் குவிமாடமும் உள்ளன. ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு தொழில்நுட்பம் கைவந்ததை இப்படி ஒரே முற்றத்தில் காட்டும் இடம் அரிது. அதே 1311இல்தான் அலாவுதீனின் தளபதி மாலிக் கபூரின் படை மதுரை வரை வந்தது.

முற்றத்தின் நடுவே நிற்கும் இரும்புத் தூண் இவை அனைத்துக்கும் மூத்தது. குப்தர் காலத்ததான அது, இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் மேற்பரப்பில் உருவாக்கிய காப்புப் படலத்தால் 1,600 ஆண்டுகளாகத் துருவால் அரிபடாமல் நிற்கிறது.

ஹுமாயூன் கல்லறையின் வலிமை வேறு. குதுப்பின் அடுக்கடுக்கான வரலாறு இங்கில்லை; அழகும் அமைதியும் உண்டு. மனைவி பேகா பேகத்தின் முயற்சியால் எழுந்து 1572இல் நிறைவுற்ற இக்கட்டடம், தாஜ் மகாலுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே நாற்பகுதித் தோட்டத்தின் நடுவே குவிமாடக் கல்லறை என்ற அமைப்பை முழுமையாகக் காட்டிவிட்டது. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் 1857இல் தஞ்சம் புகுந்து பிடிபட்டதும் இங்கேதான். ஆக்ராவுக்கும் செல்லவிருப்பவர்கள் இதை முதலில் பார்த்துவிட வேண்டும். தாஜ் எங்கிருந்து பிறந்தது என்பது அப்போது விளங்கும்.

எனவே வெயில் ஏறும் முன் குதுப் வளாகத்துக்கும், செந்நிறக் கல் மாலை ஒளியில் பொலியும் நேரத்தில் ஹுமாயூன் கல்லறைக்கும் செல்லலாம். கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் விரைவு வண்டி சென்று சேரும் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையம் கல்லறைக்கு அருகிலேயே இருப்பதால், இரவு வண்டி பிடிப்பவர்களுக்கு இவ்வரிசை இன்னும் வசதியானது. இன்னொரு நாள் கிடைத்தால் செங்கோட்டைக்குச் செல்லுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அது மூடியிருக்கும்.