அம்மா விபூதி போட்டுத் துலக்கிய மாதுளை

போன பொங்கலுக்கு முந்தைய வாரம் வீட்டிலிருந்த வெள்ளிச் சாமான்களை எல்லாம் அம்மா விபூதி போட்டுத் துலக்கினார். காமாட்சி விளக்கு, குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம். அந்த வரிசையில் என் மாதுளை டாலரும் போய்ச் சேர்ந்துவிட்டது. "கறுத்துக் கிடந்துச்சு. இப்பப் பாரு, எப்படி மின்னுது!" என்று கையில் கொடுத்தார். பார்த்தேன். மாதுளையைக் காணோம். பொரி உருண்டை மாதிரி ஏதோ ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது.

2022 செப்டம்பரில் ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானில் வாங்கியது அது. தம்பி அங்கே மருத்துவம் படிக்கிறான், அவனைப் பார்க்கப் போயிருந்தேன். குடியரசுச் சதுக்கத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வெர்னிசாஜ் என்று ஒரு திறந்தவெளிச் சந்தை. 1980களில் ஓவியர்கள் தங்கள் படங்களைக் கொண்டுவந்து வைத்ததில் தொடங்கியதாம். இப்போது கம்பளம், மரச் சிலுவை, வெள்ளி நகை, பழைய சோவியத் பதக்கம் என்று எல்லாம் கிடைக்கிறது. சனி, ஞாயிறு போனால்தான் முழுச் சந்தையும் இருக்கும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் மாதுளைதான். மண்ணில், மரத்தில், வெள்ளியில், துணியில். ஆர்மீனியர்களுக்கு அது செழிப்பின் அடையாளம். கல்யாணத்தில் மணப்பெண் மாதுளையை வீசி உடைப்பதும், முத்துகள் சிதறினால் பிள்ளைப்பேறு என்று நம்புவதும் அங்கே பழைய வழக்கம். நம் ஊரில் பூசணிக்காய் உடைப்பது திருஷ்டிக்கு, அங்கே மாதுளை உடைப்பது வம்சத்துக்கு.

நான் வாங்கியது பிளந்த மாதுளை. 925 முத்திரையுள்ள வெள்ளி, 14,000 திராம், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 2,800 ரூபாய். அதன் அழகே முத்துகளுக்கு நடுவே இருந்த கறுப்புதான். வெள்ளியைக் கந்தகக் கலவையில் போட்டு மேலே கறுப்புப் படலம் ஏற்றுவார்கள். பிறகு மேடான இடங்களை மட்டும் தேய்த்து எடுத்தால், பள்ளத்தில் கறுப்பு தங்கி ஒவ்வொரு முத்தும் தனித்துத் தெரியும். நாம் ஆக்சிடைஸ்டு என்று சொல்வது இதைத்தான். விபூதி பள்ளத்துக்குள்ளும் புகுந்து வேலையைக் காட்டிவிட்டது.

சௌகார்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொடுத்து மறுபடி கறுப்பு ஏற்றினேன். பத்து நிமிட வேலை, 150 ரூபாய். முன்பிருந்த சாம்பல் நிறம் வரவில்லை, லேசாக நீலம் ஓடுகிறது. எனக்கு இது கூடப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சென்னை வியர்வைக்கு மேடான இடங்களும் கறுக்கத்தான் செய்கின்றன. மாதம் ஒருமுறை உலர்ந்த பருத்தித் துணியால் மேலோட்டமாகத் துடைத்தால் போதும். விபூதி, பல்பொடி, புளி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

யெரெவானில் வாங்கியதில் அடுத்தது ஸ்கார்ஃப். இதில் ஏமாந்தேன். சந்தையில் இல்லை, நகரில் கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள ஒரு கடையில். துணி முழுக்கப் பறவை எழுத்துகள். மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் 405-இல் ஆர்மீனிய மொழிக்கு 36 எழுத்துகளை வகுத்தார். பிற்கால ஏடுகளில் முதலெழுத்துகளைப் பறவைகளை வளைத்தும் முறுக்கியும் வரைந்தார்கள். மாதெனாதரான் சுவடிக்கூடத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போனது என் தப்பு. அராரத் சமவெளியில் புல்வேரில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தை ஏடுகளுக்குப் பயன்படுத்தினார்கள் என்று அங்கே கேட்டிருந்தேன். கடைக்காரர் அதே சிவப்பு, சுத்தப் பட்டு என்றதும் 16,000 திராமை எடுத்து நீட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினேன். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வந்து சாம்பல் உதிர வேண்டும். இது உருகிச் சின்ன மணியாகத் திரண்டது. பாலியஸ்டர்! சிவப்பும் பிரிண்டர் சிவப்புதான்.

வேடிக்கை என்னவென்றால், வாங்கியதிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான். மூன்று வருடமாக வாஷிங் மெஷினில் சுற்றுகிறது, ஒரு பறவைக்குக்கூடச் சாயம் போகவில்லை. பாரிமுனைப் பக்கம் ஆர்மீனியன் தெருத் தேவாலயத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன். தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று ஆகிப்போன அதே தெரு. 1772-இல் கட்டிய கோயில். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது, அதை நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோன்யானின் கல்லறையும் உள்ளே இருக்கிறது. கல்லறைக் கற்களில் இருந்த எழுத்துகளை ஸ்கார்ஃபோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், நாலைந்து பிடிபட்டன. இருந்தாலும் பட்டுக்கான விலையைப் பாலியஸ்டருக்குக் கொடுத்த எரிச்சல் போகவில்லை.

மனசார எல்லோருக்கும் சொல்வேன் என்றால் அது ஊசிப் பின்னல் கம்மல். சந்தையில் ஒரு பாட்டி உட்கார்ந்த இடத்தில் பின்னிக்கொண்டே விற்றார். குரோஷா கொக்கி கிடையாது, வெறும் தையல் ஊசியும் நூலும்தான். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முடிச்சு. அதனால் எங்காவது நூல் அறுந்தாலும் மற்றது பிரிந்து வராது. ஒருமுறை சீப்பில் மாட்டி அறுந்தது, இன்றுவரை அந்த ஓட்டை அதே அளவில்தான் இருக்கிறது. காதில் மாட்டும் கொக்கி வெள்ளி இல்லை என்று பாட்டியே சைகையில் சொன்னார், இங்கே வந்து வெள்ளிக் கொக்கி மாற்றிக்கொண்டேன். மழையில் நனைந்தால் துவண்டுவிடும். காட்டன் சேலைக்குப் போடும் கஞ்சியில் முக்கி, தட்டில் விரித்து இழுத்துக் காயவைத்தால் பழையபடி விறைத்து நிற்கிறது. ஜோடி 4,000 திராம். அதற்கும் நான் பேரம் பேசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்சிடியன் கல் வளையல் ஒன்றும் வாங்கினேன். எரிமலைக் கண்ணாடி அல்லவா, குளியலறைத் தரையில் விழுந்து மூன்று துண்டு.

தம்பி படிப்பை முடித்து வரும் ஜூலையில் ஊர் திரும்புகிறான். ஊசிப் பின்னல் கம்மல் நான்கு ஜோடி, பேரம் பேசாமல் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் ஒன்று கேட்டிருக்கிறார்: பெரிய மாதுளையாக, கறுப்பு இல்லாமல்.